செப்சிஸ் நோயாளிக்குச் சத்து மருந்துகள் உதவுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் குடும்பத்தினரின் கைபேசிக்கு, "வைட்டமின் சி ஊசி போட்டால் பிழைத்துவிடுவார்கள்" என்றோ, "செலினியம் கொடுக்கச் சொல்லுங்கள்" என்றோ யாராவது ஒரு செய்தியை அனுப்பிவிடுகிறார்கள். அந்தச் செய்திகள் முழுக் கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியாது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் உண்மையான ஓர் ஆய்வும், சிறிது காலம் நீடித்த நம்பிக்கையும் இருந்திருக்கின்றன. அந்த நம்பிக்கைகள் பெரிய ஆய்வுகளில் என்ன ஆயின என்பதைப் பற்றியவை இங்குள்ள கேள்விகள். இவற்றைப் புரிதலுக்காகப் படியுங்கள். குறிப்பிட்ட ஒரு நோயாளிக்கு எதைக் கொடுப்பது என்பதை, அவரை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

செப்சிஸ் என்றால் என்ன? "ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது" என்று சொல்வார்களே, அதுவா?

கிட்டத்தட்ட அதுதான், ஆனால் முழுக்க அதுவல்ல. நுரையீரல், சிறுநீர்ப்பாதை, வயிறு, தோல் என்று எங்கோ ஓரிடத்தில் தொடங்கிய தொற்றை எதிர்க்க உடல் காட்டும் எதிர்வினை கட்டுமீறிப் போய், அந்த உடலின் உறுப்புகளையே பழுதாக்கி உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் நிலைக்குத்தான் செப்சிஸ் என்று பெயர். 2016-ல் வகுக்கப்பட்ட பன்னாட்டு வரையறையும் இதையே சொல்கிறது. ரத்தத்தை வளர்ப்புப் பரிசோதனைக்கு அனுப்பிக் கிருமி எதுவும் வளராதபோதும் ஒருவருக்குச் செப்சிஸ் இருக்கலாம். நரம்பு வழியாகப் போதிய திரவம் கொடுத்த பிறகும் ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க மருந்து தேவைப்பட்டு, திசுக்கள் நெருக்கடியில் இருப்பதைக் காட்டும் லாக்டேட் என்ற பொருளின் அளவு ரத்தத்தில் உயர்ந்தே இருந்தால், அது செப்டிக் ஷாக் என்னும் அடுத்த கட்டம்.

2017-ஆம் ஆண்டுக்கான உலகளாவிய கணக்கீட்டின்படி, அந்த ஓராண்டில் சுமார் 4.89 கோடிப் பேர் செப்சிஸால் பாதிக்கப்பட்டார்கள், சுமார் 1.1 கோடிப் பேர் இறந்தார்கள். உலகில் நிகழும் இறப்புகளில் இது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. மலிவான, எளிதில் கிடைக்கும் ஒரு மருந்து இதற்கு உதவுமா என்று மருத்துவ உலகம் தேடியதில் வியப்பில்லை.

இப்போது இதற்கு எப்படிச் சிகிச்சை தருகிறார்கள்?

தொற்றுக்குரிய ஆன்டிபயாட்டிக்கை விரைவாகத் தொடங்குவது முதல் வேலை. ஷாக் நிலையில் இருப்பவருக்கு, செப்சிஸ் என்ற ஐயம் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் அது உடலுக்குள் போயிருக்க வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டுதல் கூறுகிறது. சீழ் கட்டியிருந்தால் வடிக்க வேண்டும். அழுகிய திசுவையும், தொற்றுப் பிடித்த குழாயையும் அகற்ற வேண்டும். இவற்றோடு நரம்பு வழித் திரவம், ரத்த அழுத்தத்துக்கு நார்அட்ரினலின், மூச்சுக்கு ஆக்சிஜன் அல்லது வென்டிலேட்டர், தேவைப்பட்டால் டயாலிசிஸ். சத்து மருந்துகள் எல்லாமே இவற்றுக்குத் துணையாக ஆராயப்பட்டவை. இங்கே வரும் எந்த ஆய்வும் ஆன்டிபயாட்டிக்குக்குப் பதிலாக வைட்டமினைக் கொடுத்துப் பார்க்கவில்லை.

அப்படியிருக்க, சத்து மருந்து கொடுத்தால் உதவும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது?

ஆய்வகத்திலிருந்து வந்தது. செப்சிஸ் நோயாளிகளின் ரத்தத்தில் வைட்டமின் சி, வைட்டமின் டி, செலினியம், துத்தநாகம், குளூட்டமைன் ஆகியவற்றின் அளவு பலருக்குக் குறைந்திருப்பதும், குறைவு கூடுதலாக உள்ளவர்களில் இறப்பு அதிகமாக இருப்பதும் பல ஆண்டுகளாகத் தெரிந்தவை. இச்சத்துகள் உடலில் செய்யும் வேலைகளும் செப்சிஸுக்குப் பொருந்துவனவாகவே தோன்றின. வைட்டமின் சி ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தடுக்கிறது. நார்அட்ரினலினை உடல் தயாரிப்பதற்கே அது தேவை. செலினியம் என்னும் தாது, அத்தகைய சேதத்தைத் தடுக்கும் நொதிகளின் ஓர் அங்கம். குளூட்டமைன் என்னும் அமினோ அமிலம் குடல் செல்களுக்கும் வெள்ளணுக்களுக்கும் எரிபொருள். தாளில் எழுதிப் பார்த்தால் கணக்கு சரியாக வரும்.

அளவு குறைந்திருக்கிறது என்று தெரிந்தால், நிரப்பிவிட வேண்டியதுதானே?

இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைதான் கீழே வரும் விடைகள் பலவற்றுக்கும் அடிப்படை என்பதால், இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

செப்சிஸ் நோயாளியின் கையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சேர்க்கும்போது விரலில் தளர்வாகக் கிடந்த மோதிரம் இரண்டாம் நாள் கழற்ற முடியாதபடி இறுகிவிடும், சில சமயம் வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். காலில் விரலால் அழுத்தினால் குழி விழும், அது மேலெழ நேரமாகும். நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் கசிந்து, ரத்தத்தில் இருக்க வேண்டிய நீரும் புரதமும் திசுக்களுக்குள் இறங்கிவிடுவதன் அடையாளம் இது. செலினியமும் துத்தநாகமும் வைட்டமின் டி-யும் ரத்தத்தில் பெரும்பாலும் புரதங்களைப் பற்றிக்கொண்டே பயணிப்பவை. புரதம் கசிந்தாலோ, கொடுக்கும் திரவத்தால் ரத்தம் நீர்த்தாலோ, உடலின் கையிருப்பு குறையாதபோதும் பரிசோதனைத் தாளில் அளவு குறைந்தே தெரியும்.

சில சத்துகளை உடல் வேண்டுமென்றே ரத்தத்திலிருந்து விலக்கியும் வைக்கிறது. தொற்றின்போது துத்தநாகத்தைக் கல்லீரல் இழுத்துக்கொள்கிறது. இரும்பையும் உடல் செல்களுக்குள் பூட்டிவிடுகிறது. கிருமிகள் பெருக இரும்பு தேவைப்படுவதால், இதை ஒரு தற்காப்பு என்றே கருதுகிறார்கள். அந்தப் பூட்டை நாம் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் செப்சிஸ் அல்லாத ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. சான்சிபாரின் பெம்பா தீவில், மலேரியா மிகுந்த சூழலில், சிறு குழந்தைகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் வழக்கமாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2006-ல் வெளியானது. சத்துப் பெற்ற குழந்தைகளில் மருத்துவமனைச் சேர்க்கையும் இறப்பும் கூடியதால், அந்தப் பிரிவுகளை இடையிலேயே நிறுத்த நேர்ந்தது.

ஆகவே, பரிசோதனைத் தாளில் குறைவு தெரிவது ஒன்று. அந்தக் குறைவே நோயாளியைக் கொல்கிறது என்பது வேறொன்று. நோய் கடுமையாக இருப்பதால்கூட அளவு குறைந்திருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய ஒரே வழி, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சத்தும் மறுபிரிவுக்கு மருந்துப்போலியும் (மருந்தைப் போலவே தோன்றும், மருந்தில்லாத பொருள்) கொடுத்து ஒப்பிடுவதுதான்.

வைட்டமின் சி பற்றித்தான் அதிகம் கேள்விப்படுகிறோம். அது எப்படிப் பரவியது?

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நார்ஃபோக் நகரில் தீவிர சிகிச்சை மருத்துவராக இருந்த பால் மாரிக், 2016-ல் தம் செப்சிஸ் நோயாளிகள் 47 பேருக்கு வைட்டமின் சி, ஹைட்ரோகார்ட்டிசோன் என்னும் ஸ்டீராய்டு, தயமின் (வைட்டமின் பி1) ஆகிய மூன்றையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுத்தார். வைட்டமின் சி 6 மணி நேரத்துக்கு ஒருமுறை 1.5 கிராம், தயமின் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 200 மி.கி.; ஹைட்ரோகார்ட்டிசோன் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை 50 மி.கி. அதற்கு முந்தைய மாதங்களில் இந்தக் கலவை இல்லாமல் சிகிச்சை பெற்ற 47 பேரோடு ஒப்பிட்டபோது, மருத்துவமனை இறப்பு 40.4 சதவீதத்திலிருந்து 8.5 சதவீதமாகக் குறைந்திருந்தது. கட்டுரை வெளிவந்ததும் செய்தி உலகெங்கும் பரவியது. மருந்துகள் மூன்றுமே மலிவானவை, எங்கும் கிடைப்பவை. பல மருத்துவமனைகள் மேற்கொண்டு ஆய்வுக்குக் காத்திராமல் பயன்படுத்தத் தொடங்கின.

அந்தக் கட்டுரையைப் பொறுமையாகப் படித்தவர்களுக்கு ஐயம் எழாமல் இல்லை. நோயாளிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை, இரு பிரிவினரும் வேறு வேறு மாதங்களில் சேர்ந்தவர்கள், யாருக்கு மருந்து போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும், எண்ணிக்கையும் சிறியது. தீவிர சிகிச்சையில் ஒரே மருந்துக் கலவை இறப்பை ஐந்தில் ஒன்றாக்கியதாக ஒரு கணக்கு வந்தால், மகிழ்வதற்கு முன் கணக்கை இன்னொருமுறை சரிபார்ப்பதே நல்லது.

சரிபார்த்தார்களா?

பார்த்தார்கள். வெகு விரைவாகவும் செய்தார்கள். அந்த வகையில் மாரிக்கின் கட்டுரைக்குப் பயன் உண்டு என்றே சொல்வேன்.

2019 அக்டோபரில் வெளியான சிட்ரிஸ்-அலி என்னும் அமெரிக்க ஆய்வு, செப்சிஸோடு நுரையீரலும் கடுமையாகப் பழுதாகியிருந்த 167 பேரைப் பற்றியது. உறுப்புகளின் செயலிழப்பு மதிப்பெண்ணோ, அழற்சியைக் காட்டும் பொருள்களோ வைட்டமின் சி-யால் மாறவில்லை; அதாவது, எதை அளக்க ஆய்வு திட்டமிடப்பட்டதோ அதில் பயன் தெரியவில்லை. ஆனால் இரண்டாம் நிலையில் வைத்துக் கணக்கிட்ட பல அளவுகளுள் ஒன்றான 28 நாள் இறப்பு, 46.3-க்கு எதிராக 29.8 சதவீதம் என்று வைட்டமின் சி-க்குச் சாதகமாக இருந்தது. கைபேசியில் இன்றும் சுற்றிவருவது இந்த எண்தான். பல அளவுகளை ஒரே ஆய்வில் கணக்கிட்டால் ஓரிரண்டு தற்செயலாகவே சாதகமாக அமையும் என்பதால், இதை முடிவாகக் கொள்ளாமல் அடுத்த ஆய்வுக்கான கேள்வியாகவே கொள்ள வேண்டும்.

2020 ஜனவரியில் வெளியான 'வைட்டமின்ஸ்' ஆய்வு, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரேசில் நாடுகளில் செப்டிக் ஷாக் நோயாளிகள் 216 பேரைச் சேர்த்து நடந்தது. ஒரு பிரிவுக்கு மாரிக்கின் மூன்று மருந்துகளும், மறுபிரிவுக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் மட்டும். ஏழு நாட்களில் உயிரோடும் ரத்த அழுத்த மருந்தின் துணையின்றியும் இருந்த நேரம் முதல் பிரிவில் 122.1 மணி, இரண்டாவதில் 124.6 மணி. வேறுபாடு இல்லை என்றே இதற்குப் பொருள். 2021-ல் வெளியான விக்டாஸ் ஆய்வு திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டுமுன் நிறுத்தப்பட்டாலும், சேர்ந்திருந்த 501 பேரிடம் அதுவும் பயனெதையும் காணவில்லை.

வைட்டமின் சி தீங்கு செய்ததாகவும் சொல்கிறார்களே?

லோவிட் என்னும் ஆய்வின் முடிவு அது. 2022 ஜூனில் வெளியானது. கனடா, பிரான்ஸ், நியூசிலாந்து நாடுகளின் 35 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், செப்சிஸால் ரத்த அழுத்த மருந்து தேவைப்பட்ட 872 பேர் இதில் சேர்க்கப்பட்டார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 50 மி.கி. வைட்டமின் சி, 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, நான்கு நாள் வரை. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது நாளொன்றுக்கு 12 கிராம். வளர்ந்த ஆணுக்கு நாள்தோறும் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைப்பது 80 மி.கி. என்பதோடு ஒப்பிட்டால், 150 மடங்கு. 28-ஆம் நாளில் இறந்தோ, உறுப்புச் செயலிழப்பு நீங்காமலோ இருந்தவர்கள், வைட்டமின் சி பெற்ற பிரிவில் 44.5 சதவீதம், மருந்துப்போலி பெற்ற பிரிவில் 38.5 சதவீதம். உதவும் என்று கொடுத்த பிரிவில்தான் கெடுதல் கூடியிருந்தது. அது எவ்வழியாக நேர்ந்தது என்பது ஆய்வில் பார்த்த ரத்தப் பரிசோதனைகளில் பிடிபடவில்லை.

2021-ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டுதல், லோவிட் முடிவு வருவதற்கு முன்பே, செப்சிஸுக்கு நரம்பு வழி வைட்டமின் சி கொடுக்க வேண்டாம் என்று பரிந்துரைத்திருந்தது.

வைட்டமின் சி நீரில் கரைவது. மிஞ்சியது சிறுநீரில் போய்விடும். அது எப்படிக் கெடுதல் செய்யும்?

வாயால் உண்ணும் வைட்டமின் சி-க்கு இந்த வாதம் ஓரளவு பொருந்தும். குடல் ஓர் அளவுக்கு மேல் அதை உறிஞ்சாது. நரம்பு வழியாகக் கொடுக்கும்போது அந்தக் காவல் இல்லை. மிகையான வைட்டமின் சி உடலில் ஆக்சலேட்டாக மாறுகிறது. அது சிறுநீரகத்தில் படிகமாகத் தங்கிச் செயலிழப்பை உண்டாக்கியிருக்கிறது. செப்சிஸில் முதலில் அடிபடும் உறுப்புகளுள் சிறுநீரகமும் ஒன்று. ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பெரும் அளவு வைட்டமின் சி சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும்.

இன்னொரு ஆபத்து, கட்டிலருகிலேயே இருப்பது. தீவிர சிகிச்சையில் செவிலியர் சில மணி நேரத்துக்கு ஒருமுறை விரல் நுனியைக் குத்தி, ஒரு துளி ரத்தத்தைப் பட்டையில் வைத்து, குளூக்கோமீட்டரில் சர்க்கரை அளவு பார்ப்பார். அந்தக் கருவிகள் பலவும் பட்டையில் நடக்கும் வேதிவினையின் எலக்ட்ரான்களை எண்ணித்தான் சர்க்கரையைக் கணக்கிடுகின்றன. வைட்டமின் சி-யும் எலக்ட்ரானைத் தரக்கூடிய பொருள். அது ரத்தத்தில் மிகுந்திருக்கும்போது, இல்லாத சர்க்கரையைச் சில கருவிகள் இருப்பதாகக் காட்டும். திரையில் தெரியும் எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டினால், உண்மையான சர்க்கரை அபாயகரமாகத் தாழும். மயக்கத்தில் இருக்கும் நோயாளிக்கு வியர்ப்பதையோ படபடப்பதையோ சொல்லவும் முடியாது. அதனால், பெரும் அளவு வைட்டமின் சி பெறும் நோயாளியின் சர்க்கரையை ஆய்வகத்தில்தான் பார்க்க வேண்டும்.

தயமின் என்னும் வைட்டமின் பி1-ஐயும் ஒதுக்கிவிடலாமா?

கூடாது. சர்க்கரையிலிருந்து ஆற்றல் எடுக்கும் வழியில் பைருவேட் டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதிக்குத் தயமின் இன்றியமையாதது. அது இல்லையென்றால், சர்க்கரை உடைந்து கிடைக்கும் பைருவேட் லாக்டேட்டாகத் தேங்கும். செப்டிக் ஷாக்கில் லாக்டேட் உயர்வதைப் போலவே தோன்றும். 2016-ல் அமெரிக்காவில் 88 செப்டிக் ஷாக் நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வில், எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது தயமினால் லாக்டேட் குறையவில்லை. ஆனால் ஏற்கெனவே தயமின் குறைபாடு இருந்தவர்களை மட்டும் தனியாகப் பார்த்தபோது 24 மணி நேரத்தில் குறைந்திருந்தது. சிறிய ஆய்வின் ஒரு பகுதி என்பதால் இதை மிகைப்படுத்த வேண்டாம். என்றாலும் நோயாளியைத் தேர்ந்து கொடுக்கும் தர்க்கம் இதில் தெளிவாகத் தெரிகிறது.

நாட்பட்ட மதுப்பழக்கம் உள்ளவர், பல வாரங்களாகச் சரியாக உண்ணாதவர், இடைவிடாத வாந்தி உள்ளவர், சிறுநீரைக் கூட்டும் டையூரெட்டிக் மருந்தில் நெடுநாள் இருப்பவர் ஆகியோருக்கு மருத்துவர்கள் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் தயமின் கொடுப்பது வழக்கம். அது செப்சிஸுக்கான மருந்தாகக் கொடுக்கப்படுவதில்லை, குறைபாட்டுக்கான மருந்தாகவே கொடுக்கப்படுகிறது.

தயமினின் வரலாற்றில் தமிழருக்கும் ஓர் இடம் உண்டு என்பதால் இந்தச் சிறு விலகலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நூறாண்டுக்கு முன் மலாயாவில், தயமின் குறைந்தால் வரும் பெரிபெரி நோய் மலிந்திருந்தபோது, தீட்டிய பச்சரிசி உண்டவர்களே அதில் விழுந்தார்கள் என்பதையும், புழுங்கலரிசிச் சோறு உண்ட தமிழ்த் தொழிலாளர்களிடம் அது அரிதாக இருந்ததையும் அங்கிருந்த மருத்துவர்கள் கவனித்தார்கள். 1905-ல் வில்லியம் ஃபிளெட்சர் கோலாலம்பூர் மனநல விடுதியில் ஒரு பிரிவினருக்குப் பச்சரிசியும் இன்னொரு பிரிவினருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தபோது, நோய் பச்சரிசிப் பிரிவையே தாக்கியது. நெல்லை அவிக்கும்போது உமியடித் தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுவதே காரணம் என்பது பின்னால் தெளிவாயிற்று. குறைபாட்டால் வரும் நோய்க்கு அந்தச் சத்தே மருந்து என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. செப்சிஸ் அப்படிப்பட்ட நோய் இல்லை என்பதுதான் சிக்கல்.

குளூட்டமைனும் செலினியமும்?

இரண்டையும் ஒரே ஆய்வில் சோதித்தார்கள். ரெடாக்ஸ் என்ற அந்த ஆய்வு 2013-ல் வெளியானது. கனடாவின் டேரன் ஹேலண்டு தலைமையில், 40 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட உறுப்புகள் செயலிழந்து வென்டிலேட்டரில் இருந்த 1,223 பேரிடம் நடந்தது. செலினியம் முதலான ஆக்சிஜனேற்றத் தடுப்புச் சத்துகளால் பயன் இல்லை. குளூட்டமைன் பெற்றவர்களில் 28 நாள் இறப்பு 32.4 சதவீதம், பெறாதவர்களில் 27.2 சதவீதம், ஆறு மாதக் கணக்கிலும் குளூட்டமைன் பிரிவிலேயே இறப்பு கூடுதல். இதில் என்னை நிறுத்திய செய்தி வேறு: ரத்தத்தில் குளூட்டமைனை அளந்து பார்த்த சிலரில் பெரும்பாலானோருக்குக் குறைவே இருக்கவில்லை. இல்லாத பள்ளத்தை நிரப்பப் போய் மேடாக்கிவிட்டார்கள்.

செலினியத்தை மட்டும் நாளொன்றுக்கு 1,000 மைக்ரோகிராம் நரம்பு வழியாகக் கொடுத்த ஜெர்மானிய ஆய்வு, செப்சிஸ் நோயாளிகள் 1,089 பேரிடம் நடந்து 2016-ல் வெளியானது. இறப்பு, செலினியம் பிரிவில் 28.3 சதவீதம், மற்றதில் 25.5 சதவீதம்; புள்ளியியல்படி இதை வேறுபாடாகக் கொள்ள முடியாது. அந்த ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டுதல் செப்சிஸுக்குக் குளூட்டமைன், செலினியம், ஒமேகா 3 ஆகியவற்றுக்கு எதிராகவே பரிந்துரைத்தது.

மீன் எண்ணெயும் அர்ஜினினும் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்கிறார்களே?

ஒமேகா 3 கொழுப்பையும் ஆக்சிஜனேற்றத் தடுப்புச் சத்துகளையும் நாளுக்கு இருமுறை கொடுத்த அமெரிக்க ஆய்வு ஒன்று, நுரையீரல் கடுமையாகப் பழுதான 272 பேரைச் சேர்த்த நிலையில், பயனுக்கு வாய்ப்பில்லை என்று நிறுத்தப்பட்டது. 2011-ல் முடிவு வெளியானபோது, சத்துப் பெற்றவர்கள் வென்டிலேட்டர் இல்லாமல் இருந்த நாட்கள் குறைவு என்றே தெரிந்தது. அர்ஜினின் என்னும் அமினோ அமிலத்தை உடல் நைட்ரிக் ஆக்சைடாக மாற்றும். அது ரத்தக் குழாயை விரிக்கும். ஏற்கெனவே குழாய்கள் விரிந்து அழுத்தம் விழுந்திருக்கும் ஷாக் நோயாளிக்கு அது வேண்டாத வேலை.

வைட்டமின் டி?

2019-ல் வெளியான வயலட் ஆய்வு, வைட்டமின் டி குறைபாடு உறுதிசெய்யப்பட்ட 1,078 கடும் நோயாளிகளின் முடிவுகளை ஒப்பிட்டது. ஒரு பிரிவுக்கு ஒரே தடவையாக 5,40,000 அலகு வைட்டமின் டி3 கொடுக்கப்பட்டது. மூன்றாம் நாளில் ரத்த அளவு நன்றாகவே உயர்ந்துவிட்டது. 90 நாள் இறப்பு வைட்டமின் பிரிவில் 23.5 சதவீதம், மற்றதில் 20.6 சதவீதம். பள்ளம் உண்மையாகவே இருந்தது, நிரப்பவும் பட்டது. உயிர் பிழைப்பதில் அது எந்த மாற்றத்தையும் கொண்டுவரவில்லை.

குழந்தைகளுக்குப் புரோபயாட்டிக் (உடலுக்கு நல்லது என்று கொடுக்கும் நுண்ணுயிர்) கொடுத்துச் செப்சிஸைத் தடுத்ததாக ஓர் இந்திய ஆய்வு உண்டாமே?

உண்டு, அது நல்ல ஆய்வும்கூட. பினாகி பாணிக்ரஹி தலைமையிலான குழு ஒடிசாவின் கிராமங்களில், பிறந்த குழந்தைகள் 4,556 பேரிடம் நடத்தி 2017-ல் வெளியிட்டது. லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் என்னும் நுண்ணுயிரையும் அதற்கு உணவாகும் ஒருவகை நார்ச்சர்க்கரையையும் ஏழு நாள் வாய்வழி கொடுத்ததில், செப்சிஸோ இறப்போ நேர்ந்த குழந்தைகள் 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாகக் குறைந்தார்கள். ஆனால் அவர்கள் நோயாளிகள் அல்லர்: வீட்டில், தாய்ப்பால் குடித்துக்கொண்டு, ஏறக்குறைய நிறைமாதமாகவும் போதிய எடையோடும் பிறந்திருந்த நலமான சிசுக்கள். அங்கே கிடைத்தது தடுப்பு, சிகிச்சை அல்ல.

கடும் நோயாளிகளிடம் கதை வேறு. நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி நோயாளிகளுக்குப் புரோபயாட்டிக் கலவை கொடுத்த ஆய்வில் (2008) இறப்பு 6 சதவீதத்துக்கு எதிராக 16 சதவீதம். குடலுக்கு ரத்த ஓட்டம் தடைப்பட்ட ஒன்பது பேரும் புரோபயாட்டிக் பெற்றவர்களே. வென்டிலேட்டரில் இருந்த 2,650 பேரிடம் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில் நுரையீரல் தொற்று குறையவில்லை. கொடுத்த நுண்ணுயிரே சிலருடைய ரத்தத்தில் வளர்ந்தது. கழுத்து நரம்பில் குழாய் பொருத்தியிருக்கும் நோயாளியின் கட்டிலருகே புரோபயாட்டிக் பொட்டலத்தைப் பிரிப்பதற்குக்கூட இந்தக் காரணத்தால் எச்சரிக்கை வேண்டும்.

அப்படியென்றால் நோயாளிக்குச் சத்தே கொடுக்க மாட்டார்களா?

உணவு வேறு, மருந்தளவில் கொடுக்கும் சத்து வேறு. உணவு கட்டாயம் வேண்டும். குடல் வழியாக உணவு கொடுக்க முடிந்தவர்களுக்கு 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது என்பது 2021 வழிகாட்டுதலின் கருத்து. அன்றாடத் தேவைக்கான வைட்டமின்களும் தாது உப்புகளும் அந்தத் திரவ உணவிலேயே கலந்திருக்கும்.

கேள்வி, எவ்வளவு என்பதில்தான். பிரான்சில் வென்டிலேட்டரிலும் ஷாக்கிலும் இருந்த 3,044 பேரிடம் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், முதல் ஏழு நாள் ஒரு பிரிவுக்கு, நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 25 கலோரியும் மறுபிரிவுக்கு வெறும் 6 கலோரியும் கொடுத்தார்கள். இறப்பில் வேறுபாடு இல்லை. குறைவாகப் பெற்றவர்களுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, குடலுக்கு ரத்த ஓட்டம் தடைப்படுவது ஆகியவை குறைவு, தீவிர சிகிச்சையிலிருந்து வெளியே வந்ததும் சற்று முன்னதாகவே. புரதத்தை இரட்டிப்பாக்கிப் பார்த்த இன்னொரு ஆய்விலும் பயன் இல்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது கெடுதலாகவே பட்டது. "அவருக்கு ஒன்றுமே கொடுக்கவில்லையே" என்று முதல் இரண்டு நாளில் குடும்பத்தினர் தவிப்பது இயல்பு. ஆனால் மெதுவாகக் கூட்டுவது அலட்சியத்தால் அல்ல. நெடுநாள் பட்டினியாக இருந்தவருக்கு உணவை வேகமாக ஏற்றினால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயத்துடிப்பு தடுமாறக்கூடும்.

மூக்குக் குழாய் வழியாக வீட்டுக் கஞ்சி, இளநீர், மாதுளைச் சாறு கொடுக்கலாமா?

மருத்துவரையும் உணவியல் நிபுணரையும் கேட்காமல் எதையும் கொடுக்க வேண்டாம். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீர் குறைந்துவிட்ட நோயாளிக்கு ஒரு டம்ளர் இளநீரே இதயத்துக்கு ஆபத்தாகலாம். கேழ்வரகுக் கஞ்சி ஆறியதும் கெட்டிப்பட்டுக் குழாயை அடைத்துவிடும். குழாயை மாற்றும்போது மீண்டும் அதன் நுனி வயிற்றில்தான் இருக்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். நுரையீரலுக்குள் போயிருந்தால் ஒரு கரண்டி கஞ்சியே போதும் கேடு செய்ய. சித்த மருத்துவக் குடிநீர், பொடி, லேகியம் எதுவானாலும் ஒளிக்காமல் சொல்லுங்கள். ஆன்டிபயாட்டிக் உட்பட ஏழெட்டு மருந்துகள் ஏறிக்கொண்டிருக்கும் உடலில் அவை எதோடு மோதும் என்பதை மருத்துவர் யூகித்துக்கொண்டிருக்கக் கூடாது.

மருத்துவரிடம் என்னதான் கேட்பது?

"வைட்டமின் போட்டீர்களா?" என்பதைவிடப் பயனுள்ள கேள்விகள் இருக்கின்றன. தொற்று எங்கே தொடங்கியது, வடிக்கவோ அகற்றவோ ஏதாவது இருக்கிறதா, கிருமி வளர்ப்புப் பரிசோதனையின் முடிவு வந்ததா, அதன்படி ஆன்டிபயாட்டிக் மாற்றப்பட்டதா, லாக்டேட்டும் சிறுநீர் அளவும் நேற்றைவிட இன்று எப்படி, உணவு தொடங்கியாயிற்றா என்று கேளுங்கள். உங்களுக்கு மட்டுமே தெரிந்த செய்திகளை நீங்களாகவே சொல்லுங்கள்: அவர் குடிப்பவரா, கடந்த மாதம் எவ்வளவு சாப்பிட்டார், எடை குறைந்ததா, என்னென்ன மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தார். தயமின் கொடுப்பதா இல்லையா என்பது போன்ற முடிவு பெரும்பாலும் இந்த விவரங்களில்தான் தொங்குகிறது.

பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகு சத்து மாவும் டானிக்கும் கொடுக்கலாமா?

இந்தக் கட்டத்தில் நிலைமை மாறுகிறது. இப்போது உடல் சத்தை வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறது. லண்டனில் கடும் நோயாளிகளின் தொடைத் தசையைச் சில நாள் இடைவெளியில் ஸ்கேன் செய்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில், பத்து நாளில் தசையின் குறுக்களவு ஏறத்தாழ 18 சதவீதம் சுருங்கியிருந்தது. வீடு திரும்பியவர் நாற்காலியிலிருந்து எழ இரு கையையும் ஊன்றுவதற்குக் காரணம் இதுவே. முட்டை, மீன், பருப்பு, தயிர், சுண்டல் என்று ஒவ்வொரு வேளையிலும் புரதம் இருக்கட்டும். சிறுநீரக நோய் இருந்தால் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் தட்டு நிறையச் சாப்பிட முடியாதவருக்கு ஆறு சிறு வேளைகளாகப் பிரித்துக் கொடுக்கலாம். விழுங்கும்போது இருமல் வந்தாலோ குரல் ஈரமாகக் கேட்டாலோ, திட உணவுக்கு முன் விழுங்கும் திறனைப் பரிசோதிக்க வேண்டும். வென்டிலேட்டர் குழாய் தொண்டையில் இருந்தவர்களுக்கு இது அடிக்கடி நேர்வது. எடை குறைந்துகொண்டே போனால் புரதப் பொடி உதவும். அதோடு, நாளுக்கு நாலைந்து முறை நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியையும் சேர்க்க வேண்டும். தசையை வேலை வாங்காமல் புரதம் மட்டும் கொடுத்தால் பழைய வலு திரும்பாது.